ஆறுமணிக் குருவியைப் பதினோரு மணிக்குக் கூவ வைத்தவர்

வெந்நீரில் முக்கியெடுத்த இறகின் வாடை முதலில் வரும். அதற்குப் பின்னால், ஒரு மூச்சு தள்ளி, குடலின் வாடை. ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனம் மேம்பாலத்துக்கு அருகே பேருந்து நின்றால் இந்த இரண்டும் சன்னல் வழியாக ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. கறிக்கடை வாசலில் ஒரு நீல டிரம். அதன் மூடி சரியாக மூடாது. ஓர் ஓரத்தில் மஞ்சள் கால் ஒன்று விரல்களை விரித்தபடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் பொத்துவதில்லை, பொத்திப் பிரயோசனமில்லை. அந்த வாடை எனக்குள் உடனே தண்ணீராக விரிந்துவிடுகிறது. கரை, மதகு, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள், தூரத்தில் பெருமுக்கல் மலை. கரைமேல் ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டர் கொக்கியில் ஒரு கறுப்புப் பை. பை சொட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அவர் நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பாக.

"வாங்க சார். இன்னிக்கு எப்படியும் வர வெச்சிடலாம்."

வர வைப்பது. அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் அதுதான். பறவை வந்தது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வர வெச்சேன் என்றுதான் சொல்வார்.

திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி. முகூர்த்த மாதங்களில் அவரைப் பிடிக்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த இரண்டு மாதமும் அவருக்குக் கை நமநமக்கும். மண்டபம் மண்டபமாகச் சுற்றிய அதே கேமராவில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு ஏரிக்கு வந்துவிட்டார். பிறகு ஆடி, மார்கழி என்ற கணக்கும் போய், வேலை ஒழிந்த காலைகளில் எல்லாம் வந்தார்.

நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். அக்கா வீடு திண்டிவனம். ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வருகிற சாக்கில் ஏரிக்குப் போவேன். பழைய பைனாகுலர் ஒன்று, ஒரு நோட்டு. பார்த்ததை எழுதிக்கொண்டு எழுந்து வருவேன். ஐப்பசியில் மழை இறங்கியதும் முக்குளிப்பான்கள். கார்த்திகையில் ஊசிவால் வாத்துகள், தண்ணீரில் கோலப்பொடி தூவினாற்போல. மாசியில் அவை ஒருநாள் காலை சொல்லாமல் போயிருக்கும். பங்குனியில் தண்ணீர் குட்டை குட்டையாகப் பிரியும்போது நாரைகள் வந்து, குட்டைக்கு ஒன்றாக, வட்டிக்காரர்கள் மாதிரி நிற்கும். உட்கார்ந்திருந்தால் போதும். ஏரி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அவரால் அதுதான் முடியாது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் பதினோராவது நிமிடம் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொள்வார்.

"எம்மாம் நேரம் சார் அது முதுக காட்டிக்கினு நிக்கும்? ஒரு கல்ல வுட்டா திரும்பிடப் போவுது."

அவரை முதன்முதலில் பார்த்தது என் அக்கா மகள் கல்யாணத்தில். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சையும் போட்டுவிட்டு நிமிர்கிறான். மணவறை ஓரத்திலிருந்து ஒரு குரல், பணிவான குரல்தான்.

"மாப்ள, ஒரு நிமிஷம். பொண்ணு கண்ண மூடிக்கிச்சு. அந்தக் கடைசி முடிச்ச லேசா தளத்திட்டு இன்னொரு தபா போடுங்க."

மேளம் நின்றுவிட்டது. அக்கா அட்சதைத் தட்டோடு எழுந்தாள். "இன்னாயா சொல்ற நீ? தாலி முடிச்ச அவுக்கச் சொல்றியா?"

"அவுக்கல்லாம் வேணாம்மா. தளத்தினா போதும். நாளைக்கு ஆல்பத்தத் தொறந்தா பொண்ணு தூங்கிக்கினு இருக்கும். பரவாயில்லியா உங்களுக்கு?"

யாரும் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை தளர்த்திவிட்டான். மறுபடி போட்டான். மேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை கெட்டிமேளம் அடித்தார்கள். ஆல்பத்தில் இருப்பது அந்த இரண்டாவது முடிச்சுதான். பெண் கண்ணை அகல விரித்து, ஏதோ தவறிவிட்டது போல நேராகப் பார்க்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் அழகான படம் என்கிறார்கள். நிஜமாகவே விழுந்த முடிச்சுக்குப் படம் இல்லை. அக்கா இன்றுவரை அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது உதட்டைச் சுழித்துக்கொண்டு வேகமாகப் புரட்டுகிறாள்.

எனக்கு அன்றே அருவருத்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். சாப்பாட்டுப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பறவைகளையும் எடுப்பீர்களாமே என்று பேச்சுக் கொடுத்தேன்.

இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நியாயம் செய்ததாகாது. என் அப்பாவுக்குப் படம் என்று ஒன்று கிடையாது. கேமராவைக் கண்டால் எழுந்து போகிறவர். அவர் இறந்தபோது வீட்டில் அகப்பட்டது யார் வீட்டுப் பந்தியிலோ இலைமேல் குனிந்து சாப்பிடும் படம் ஒன்றுதான். நெற்றியும் மூக்கும் தெரியும், கண் தெரியாது. அதை ஸ்டுடியோக்காரருக்கு அனுப்பியது அக்காவா நானா என்று நினைவில்லை. கருமாதியன்று காலை முதல் பேருந்தில் விழுப்புரம் வந்து இறங்கினார், துணியில் சுற்றிய சட்டத்தோடு. பிரித்தார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் எல்லாரையும் பார்த்தார். அம்மா அதுவரை அழாதவள், சுவரோடு சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்து என் காதோடு சொன்னார்: "கண்ணு உங்களுது சார். காலேஜ் கார்டுக்கு எங்கிட்ட படம் எடுத்தீங்களே, அதுலேர்ந்து எடுத்து வெச்சேன். கண்ணு வந்துட்டா ஆளே வந்த மாதிரி."

இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நன்றி பொய்யில்லை. ஆனால் இன்றும் கூடத்தில் மாலைக்கு நடுவே என் அப்பா என்னை என் கண்களால் பார்க்கிறார். அப்பாவின் கண் எப்படியிருந்தது என்று யோசித்தால் இப்போது என் கண்தான் நினைவுக்கு வருகிறது. நிஜமான கண் எங்கேயோ போய்விட்டது. படத்தில் இருக்கும் கண்ணும் ஸ்டுடியோக்காரர் வர வைத்ததுதான்.

ஐப்பசிக் கதைக்கு வருகிறேன். முதல் மழை விட்ட மறுநாள். கரைக்குப் பின்புறம், நெல் வயலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு புதர்க்காடு. அங்கே சருகில் ஓர் ஆறுமணிக் குருவி வந்து இறங்கியிருந்தது. முதுகு பச்சை, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. வடக்கேயிருந்து ராவெல்லாம் பறந்து வருகிற பறவை அது. வந்த களைப்பில் சுவரில் மோதி விழுவதும் உண்டு. விடிகிறபோது ஒரு முறை, அடைகிறபோது ஒரு முறை, இரண்டு சுரத்தில் கூவும். நடுவில் முழுநாளும் சருகைக் கிளறிக்கொண்டு, புழு பொறுக்கி, கரைந்துபோன உடம்பை மறுபடி சேர்த்துக்கொள்ளும். இன்னும் தெற்கே போக வேண்டுமே.

அவர் செல்போனில் அதன் கூவலைப் பதிவிறக்கம் செய்து, சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் புதருக்கடியில் வைத்துவிட்டு வந்தார். ஸ்பீக்கர் கூவியது. குருவி தலையைத் தூக்கியது. தன் இடத்தில் இன்னொருவன். ஓடி வந்தது. ஸ்பீக்கர் மறுபடி கூவியது. குருவி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதிலுக்குக் கூவியது. சுற்றிச் சுற்றி வந்து அந்தக் கறுப்பு டப்பாவைக் கொத்தியது. அவர் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தார். ஒரு மணி நேரம். வெயில் ஏறிவிட்டது. குருவியின் வாய் திறந்தே இருந்தது; இறக்கை தொங்கிவிட்டது. அப்படியும் கூவியது.

"போதும்ணே. அது தீனி எடுக்கணும்."

"இன்னும் ஒரே ஒரு தபா சார். கண்ணுல ஒரு வெளிச்சம் வுழுந்துட்டா போதும்."

நான் போய் ஸ்பீக்கரை அணைத்திருக்கலாம். பத்தடிதான் இருக்கும். நின்றுகொண்டே இருந்தேன். கிட்டத்தில் அந்தப் பறவையை நானும் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்து சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டு அவர் சொன்னதை வெகுநாள் வரை ஊரெல்லாம் சொன்னார்: "ஆறுமணிக் குருவிய பதினோரு மணிக்குக் கூவ வெச்சேன்ல."

மூன்று நாள் போனாராம். நான்காம் நாள் குருவி இல்லையாம். "தெக்க கெளம்பிட்டிருக்கும் சார்" என்றார். கிளம்பியிருக்கலாம்.

படம் எடுத்த அன்று மாலை போன் செய்வார். சும்மா அனுப்பிவிட மாட்டார். "சார், வேலையா இருக்கீங்களா? இன்னிக்கு எடுத்தது ஒண்ணு இருக்குது. அனுப்பட்டா?" என்பார். நான் "அனுப்புங்க" என்பேன். அதற்குப் பிறகுதான் படம் வரும். ஒருநாள்கூடக் கேட்காமல் அனுப்பியதில்லை. அத்தனை மரியாதை தெரிந்த மனிதர். படம் வந்ததும் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஒவ்வொரு இறகும் எண்ணலாம் போலிருக்கும். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். பறவையின் பெயரைத் தமிழில் எழுதி அனுப்புவேன். அவர் அதைச் சேர்த்து நாலு குழுவில் போட்டுவிட்டு, மறுநாள் யார் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு வாசித்துக் காட்டுவார்.

கோழிக் கழிவு தொடங்கியது ஒரு மார்கழியில். புள்ளிக் கழுகு ஒன்று ஏரிக்கு வந்திருந்தது. எதிர்க்கரை கருவேல மரத்தில் உட்கார்ந்தால் நாள் முழுக்க இறங்காது. இவர் லென்ஸுக்கு அது ஒரு மண்கட்டி. இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் ஸ்கூட்டர் கொக்கியில் அந்தக் கறுப்புப் பை.

கரைச் சரிவில் பையைக் கவிழ்த்தார். தலைகள், குடல்கள், இன்னும் ஓடு பிடிக்காத மஞ்சள் முட்டைகள் கொத்தாக. பனியில் ஆவி பறந்தது. நான் திரும்பி நின்று எச்சிலைத் துப்பினேன். அரைமணியில் வானத்தில் கரும்பருந்துகள் சுழல ஆரம்பித்தன. ஒன்று, ஐந்து, இருபது. நடுவில் இரண்டு கருடன்கள். கழுகு வரவில்லை. அவர் கவலைப்படவில்லை. கருடன் குடலைக் கவ்விக்கொண்டு மேலே போனது. குடல் நீளமாக, சவுரி மாதிரி, காற்றில் ஆடியது. "டட டட டட" என்று கேமரா.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஏரிக்குள் ஆடு மேய்க்கிற அம்மா. நானும் அவளும் பல வருடமாகத் தலையசைத்துக்கொள்கிறவர்கள். அவள் கருடனைப் பார்த்ததும் வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியிருக்கிறாள். அதன் வாயில் இருந்ததைக் கண்டு கை பாதியில் நின்றுவிட்டது.

"யோவ், இன்னாய்யா பண்ற? கருடனுக்குப் போய் கோழிக் கொடலப் போட்டுக்கினு இருக்கியே. நீ சோறுதான துன்ற?"

"அதுக்கும் பசிக்கும்ல ஆயா."

"பசிச்சா அது தேடிக்கும். உன்னாண்ட வந்து கேட்டுச்சா? ஏரியே நாறுது. எங்க ஆடு தண்ணி குடிக்க வாணாமா?"

"ஆயா, அப்டியே அந்த ஆட்டுக்குட்டியத் தூக்கிக்கினு நில்லு. உன்ன ஒரு படம் எடுத்துத் தர்றேன்."

"போடா டேய்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதையும் எடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் ஏரித் தண்ணீரில் கையை அலசினார். பேண்ட்டில் துடைத்தார். ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தை எடுத்து, கடலையை உரித்து, பருப்பை என் உள்ளங்கையில் வைத்தார். "துன்னுங்க சார். சூடு ஆறிடும்." அவர் நகக்கண்ணில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தின்றேன். வேண்டாம் என்றால் அவர் முகம் வாடுமே என்று. அந்த மார்கழியில் எத்தனை காலை அந்த மல்லாட்டையைத் தின்றிருக்கிறேன். இப்போது நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

மார்கழி முடிவதற்குள் கழுகை வர வைத்துவிட்டார். அதோடு நாய்களும் வந்தன.

முதலில் இரண்டு, பிறகு ஏழெட்டு. ஊர் நாய்கள்தான். செம்பட்டை, கறுப்பு, காதறுந்தது ஒன்று. ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கரை முழுக்க ஓடிவந்து வாலாட்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையைத் தடவிக்கொடுப்பார். தை பிறந்து கல்யாண மாதம் வந்து அவர் வராமல் போனாலும், நாய்கள் ஏரியை விட்டுப் போகவில்லை. சித்திரையில் ஆட்டுக்கார அம்மா என்னிடம் சொன்னாள்.

"இந்த நாய்ங்க இப்பல்லாம் தெருப் பக்கமே வர்றதில்ல சார். ஏரிலயே குந்திக்கினு கெடக்குதுங்க. நேத்து ஆள்காட்டிக் குருவி முட்டையப் பூரா நக்கிட்டுப் போச்சு. நான் குட்டிங்கள வூட்டுலயே கட்டிப்போட்டுட்டு வர்றேன். பெரிய பேஜாரா கீது. உங்க சிநேகிதக்காரர் கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். "நாய் எங்கதான் சார் இல்ல" என்றார்.

அந்த ஆனியில் ஏரிக்கு நடுவே இருக்கும் மண்திட்டில் பவளக்காலிகள் கூடு வைத்தன. உடம்பு கறுப்பு வெள்ளை. கால்கள் நீளமாகப் பவள நிறத்தில், இரவல் வாங்கி மாட்டிக்கொண்டது மாதிரி. நம் பக்கம் மழைக்காலத்தில் மேய வரும், போய்விடும். இந்தத் திட்டில் முட்டையிட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சேற்றைக் குவித்து, மேலே நாலு கோரைத்தண்டு போட்டு, அதில் நான்கு நான்காக முட்டைகள். மதகு மேலிருந்து பைனாகுலரில் எண்ணினேன். பதினோரு கூடு. அந்த வருடம் கோடைமழை நன்றாகப் பெய்ததில் திட்டைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர். நோட்டில் எழுதினேன், எழுதிவிட்டு அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன். ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று தீர்மானம். அவரிடம் சொல்லவே கூடாது.

ஆனி முழுக்கத் தாங்கினேன். கல்யாணக் காலம், அவரும் வரவில்லை. ஞாயிறு தோறும் வெயிலில் அந்தப் பறவைகளைப் பார்த்தேன். வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். சூட்டை ஆற்றுவதற்கு. ஆணும் பெண்ணும் முறை வைத்து. ஓர் இல்லறத்தைத் தள்ளி நின்று பார்க்கிற கூச்சமும் நிறைவும் எனக்கு.

ஆடி பிறந்தது. அன்று மாலை போன். "சார், மார்கழில எடுத்த கழுகுப் படத்துக்குப் பரிசு குடுத்துக்கீறாங்க. அனுப்பட்டா?" அனுப்புங்க என்றேன். வந்தது. கோழித்தலையைக் காலில் பிடித்த கழுகு; அந்தக் கோழித்தலை மட்டும் சட்டத்துக்கு வெளியே போகும்படி வெட்டியிருந்தார். கழுகு காட்டுக்கு ராஜா மாதிரி இருந்தது. அவர் தன் கழுகைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். பேசப் பேச எனக்குள் ஏதோ சின்னதாகக் கொதித்தது. எனக்கும் ஒன்று தெரியும். நீ எதை வைத்து வர வைத்தாலும் வராத ஒன்று, எனக்குத் தானாக வந்திருக்கிறது.

"திட்டுல பவளக்காலி குஞ்சு பொரிக்கப் போவுதுண்ணே" என்றேன்.

அவர் கழுகை அதோடு விட்டுவிட்டார். பிறகு, மிக மெதுவாக: "எத்தினி கூடு சார்?"

"பதினொண்ணு. ஆனா கிட்ட போகக் கூடாது. ஸ்பீக்கர் கூடாது. திட்டுமேல கால் வைக்கவே கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"எங்கம்மா மேல சத்தியம் சார். கால வைக்க மாட்டேன்."

வைக்கவில்லை. அந்தச் சத்தியத்தை அவர் மீறவில்லை.

அடுத்த ஞாயிறு விடிந்து ஒரு மணி நேரம் கழித்து நான் கரையேறினேன். ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. வெயிலும் காற்றும் குடித்துத் தண்ணீர் இறங்கியிருந்தது. திட்டைச் சுற்றிக் கணுக்கால் அளவுதான். அது அந்தக் காலையில்தான் எனக்கு உறைத்தது. குஞ்சுகள் பொரித்துவிட்டன. பஞ்சும் சேறும் கலந்த நிறத்தில், உடம்பைவிடக் கால் பெரிதாக, திட்டெங்கும் தடுமாறிக்கொண்டு திரிந்தன. பிறகு வாடை வந்தது.

அவர் திட்டுக்கு நேரெதிரே, தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கவிழ்த்த கறுப்புப் பை.

"என்னண்ணே இது? சத்தியம் பண்ணீங்க."

"கால வெக்கலியே சார். இங்கயேதான் குந்தினு கீறேன். பருந்த மட்டும் வர வெச்சா போதும். தாய்ப்பறவை எழும்பி அத வெரட்டும் பாருங்க, குஞ்சுக்கோசரம். அந்த ஒரே படம். காலம் பூரா பேசுவாங்க."

பருந்துகள் வந்துவிட்டன. அவர் நினைத்தது போலவே பவளக்காலிகள் மொத்தமாக எழும்பின. கீச்சென்று ஊசியாகக் கத்திக்கொண்டு, சிவப்புக் கால்கள் பின்னால் நீள, பருந்துகள்மேல் பாய்ந்தன. அந்தக் கத்தலுக்கு ஓர் அர்த்தம் உண்டு. தாய் அப்படிக் கத்தினால் குஞ்சுகள் இருந்த இடத்திலேயே சேற்றோடு சேறாகப் படுத்துவிட வேண்டும். கல்லோ கட்டியோ என்று கிடக்க வேண்டும். அசையக் கூடாது. மேலிருந்து பார்க்கிற பருந்துக்கு அது போதும். திட்டு முழுக்க ஒரே நொடியில் அசைவற்றுப் போனது. குஞ்சுகள் சொன்னபடி கேட்டன.

நாய்கள் கரைச் சரிவில் கோழிக் குடலைத் தின்று முடித்திருந்தன. காதறுந்தது முதலில் மூக்கைத் தூக்கியது. காற்று திட்டிலிருந்து இந்தப் பக்கம் அடித்தது. தண்ணீரில் இறங்கி நடந்தது. நீந்தக்கூட வேண்டியிருக்கவில்லை. மற்றவை அதன் பின்னால்.

நான் ஓடினேன். மூன்றாவது அடியில் சேறு முழங்கால் வரை இழுத்துக்கொண்டது. முகம் குப்புற விழுந்தேன். வாய்க்குள் சேறு, அதில் கோழி வாடை. எழுந்து கத்தினேன். எதிர்ப்புறத்திலிருந்து ஆட்டுக்கார அம்மா கல்லை வீசிக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடிவந்தாள். நாய்கள் அவசரப்படவில்லை. திட்டில் முகர்ந்து முகர்ந்து நடந்து, மல்லாட்டை பொறுக்குவது போல ஒவ்வொன்றாக எடுத்தன. ஒரு குஞ்சும் எழுந்து ஓடவில்லை. மேலே கத்தல் நிற்கவில்லையே, எப்படி ஓடும். எனக்குப் பின்னால் கேமரா "டட டட டட" என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு முறைகூட நிற்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் திட்டை அடைந்தபோது நாய்கள் திரும்பிவிட்டன. கோரைத்தண்டுகள் கலைந்து கிடந்தன. பொரிக்காத முட்டை ஒன்று உடைந்து, உள்ளே கண் மட்டும் கறுப்பாக. மேலே பறவைகள் இன்னும் கத்தின. இனி படுத்திருக்க வேண்டியவர்கள் யாரும் இல்லை என்று அவற்றுக்கு யார் சொல்வது.

கரைக்கு வந்தேன். ஆட்டுக்கார அம்மா அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கை, மூச்சு வாங்கியது.

"அதையும் புடிச்சிக்கினியாப்பா?" என்றாள். கத்தவில்லை. கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், கையில் மிச்சமிருந்த கல்லைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனாள்.

அவர் முகம் வெளிறியிருந்தது. அதை நான் பார்த்தேன், மறைக்காமல் சொல்கிறேன். "இப்டி ஆவும்னு தெரியாது சார். சத்தியமா தெரியாது. எத்தினி குஞ்சு சார், ச்சே" என்றார். கண்ணைக் கூடத் துடைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிறகு கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்தார். பிறகு, பழக்கத்தில், கேமராவைத் திருப்பித் திரையைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஓரிடத்தில் விரல் நின்றது. பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்ததை, நான் அத்தனை கிட்டத்தில் நின்று பார்த்தேன்.

திரையை என் பக்கம் திருப்பினார். நாயின் வாய். பற்களுக்கு நடுவே பஞ்சு மாதிரி ஒரு தலை. அது அப்போதும் அசையாமல்தான் இருந்திருக்கிறது. கண் திறந்திருந்தது. கண்ணில் ஏரி தெரிந்தது, ஆடி வானம் தெரிந்தது. கரையோரம் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி, அது அவராகத்தான் இருக்க வேண்டும்.

"கண்ணப் பாருங்க சார்" என்றார், குரல் தாழ்த்தி. "எம்மா ஷார்ப்பு."

என் வாயில் இன்னும் சேறு இருந்தது. துப்பினேன். சேறு ஒழுகும் கையை வேட்டியில் துடைத்தேன். அவர் பையை மடித்தார், கேமராவை உறையில் போட்டார், ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். நாய்கள் வாலாட்டிக்கொண்டு அவரைச் சுற்றி நின்றன. கிளம்பியவர், பத்தடி போய் நிறுத்தி, ஒரு காலை ஊன்றித் திரும்பினார். எப்போதும் போல மரியாதையாகத்தான் கேட்டார்.

"அனுப்பட்டா சார்?"

"அனுப்புங்க" என்றேன்.